உதட்டுப் பேச்சு

நூல் முறுக்குகிற நாலாயிரம் கதிர்கள் நடு வேலையில் ஓய்கிற சத்தத்தை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். ஓய்வதற்கு என்ன சத்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. நூற்பு மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது சத்தமாகவே தெரியாது. காற்று மாதிரி சுற்றிலும் இருக்கும். நிறுத்தும்போதுதான் காதில் விழும். உச்சியிலிருந்து இழுத்துக்கொண்டே இறங்கி, இறங்கி, ஒரு பெருமூச்சாக முடியும். ஒரு மிஷின், அப்புறம் அடுத்தது, அப்புறம் அதற்கும் அடுத்தது. பத்து மிஷின்கள். எல்லாம் அடங்கின பிறகு மாடியில் என் டைப்ரைட்டரின் சத்தம் எனக்கே கேட்டது. ஆறு வருஷமாக அதில் தட்டிக்கொண்டிருந்தவள், பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன்.

இப்போது டிரைவர் எஞ்சினை அணைத்தார் அல்லவா, அதனால் ஞாபகம் வந்தது. மன்னியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு நீங்கள் இதையெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது.

பஸ் புறப்பட்டுவிட்டது. ஏன் இடது பக்கம் திரும்புகிறது? சோமனூருக்கு நேராக அல்லவா போகவேண்டும்? கண்டக்டர், எந்த வழியாகப் போகிறீர்கள்?

"பாலம் வேலை நடக்குதுங்கம்மா. இச்சிக்காட்டுப்புதூர் சுத்தித்தான் போகுது, பத்து நாளா. நிக்காதீங்க, உக்காருங்க. வளைவுல வுழுந்து வெச்சா என்னையல்லவா கேப்பாங்க."

தெரிந்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன். முப்பது வருஷமாக நான் இந்த வழியே வந்ததில்லை. தங்கை வீட்டுக்கு மாசம் ஒரு தடவை போகிறவள், அந்த நேர்சாலையில்தான் போவேன். இல்லை, இறங்கவில்லை. இறங்கி இந்த வெயிலில் எங்கே நிற்பது? நீங்கள் ஜன்னல் பக்கம் வந்துவிடுங்கள். எனக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

இச்சிக்காட்டுப்புதூர் மில்லில்தான் நான் வேலை பார்த்தேன். அறுபத்து எட்டில் சேர்ந்தேன், இருபத்தோரு வயசில். பி.ஏ. முடித்த கையோடு டைப்பிங்கும் சுருக்கெழுத்தும். அப்பா தபால் ஆபீஸில் இருந்தவர்; நான் கடைசி வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். அம்மாவும், பள்ளிக்கூடம் போகிற தங்கைகள் இரண்டு பேரும் என் தலையில். மேலே படித்து, கல்லூரியில் பாடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டு நோட்டாக எழுதவும் செய்தேன். அதை விடுங்கள்.

அந்த ஊரைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் தேவலை. மில்லுக்கு முன்னால் அது ஊரே இல்லை, மானாவாரிக் காடு. பருத்தியும் கம்பும். நீலகிரியிலிருந்து பைக்காரா கரண்டு வந்த பிறகு முதலாளிகள் இடம் தேடிக்கொண்டு வந்தார்கள். முப்பத்தாறில் மில் ஓட ஆரம்பித்தது. பருத்தி விற்க வண்டி கட்டி வந்த குடியானவர்களில் சிலர், பருத்தியை இறக்கிவிட்டு அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டார்களாம். வியாழக்கிழமை கூடிக்கொண்டிருந்த சந்தையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள், அன்றைக்குத்தான் மில் லீவு என்று. மாரியம்மன் நோம்பி சாட்ட, திருவிழாவுக்கு நாள் குறிக்கக்கூட மேனேஜரிடம் வந்து எந்த வாரம் தோதுப்படும் என்று கேட்டுக்கொண்டு போவார்கள். சாமியும் ஷிப்ட் பார்த்துத்தான் தேர் ஏறும்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஊரில் எல்லோரும் சத்தமாகப் பேசுவார்கள். எட்டு மணி நேரம் அந்த இரைச்சலில் நின்றால் காது மந்தமாகிவிடும். மந்தமான காதுக்குத் தன் குரல் போதாது. வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள், வீட்டுக்குள்ளே சண்டை நடக்கிறது என்று நினைத்துப் பாதி வழியில் திரும்பிப்போனது உண்டு. உள்ளே அவர்கள் பாயசத்துக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆனால் மிஷின் முன்னால் சத்தமாகப் பேசியும் பிரயோசனம் இல்லை. அங்கே குரலே கிடையாது. உதடுதான். இந்த முனையில் நிற்கிறவள் உதட்டை அசைப்பாள், அந்த முனையில் நிற்கிறவள் பதில் சொல்லுவாள். நடுவில் நாற்பதடி. கூடவே சில சைகைகள். கழுத்தை இரண்டு விரலால் பிடித்தால் மேனேஜர், டை கட்டுகிறவர். தோளைத் தட்டினால் மேஸ்திரி, துண்டு போடுகிறவர். உதட்டுப் பேச்சு என்பார்கள். ஊமைப் பாஷை என்று சொன்னால் கோபம் வந்துவிடும். ஊமைக்கா இத்தனை பேச்சு வரும் என்பார்கள்.

ஒரு கதை சொல்லுவார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பெண்ணின் அம்மாவும் சித்தியும் கூடத்தின் இந்த மூலையும் அந்த மூலையுமாக நின்று, சத்தமில்லாமல் பேசிக்கொண்டார்களாம். "மொட்டைதாண்டி. தொப்பியைக் கழட்டச் சொல்லு." "நீ சொல்லு." "நானெப்படிச் சொல்றது, காப்பியைக் கொட்டி வுட்டுறவா?" மாப்பிள்ளையோடு வந்திருந்த அத்தை இதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அதே மாதிரி சத்தமில்லாமல் சொன்னாளாம்: "கொட்டாதீங்க சம்பந்தி. மொட்டைதான். மனசு தங்கம்." அந்த அம்மாள் வேறொரு மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணம் நடந்தது என்றுதான் சொல்லுவார்கள்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் மயிலாத்தாள்.

எப்படிச் சொல்வது அவளைப் பற்றி. என்னைவிட ஏழு வயது மூத்தவள். நூற்புப் பிரிவில் நாற்பது பெண்கள் இருந்தார்கள், பகல் ஷிப்டில். மிஷினுக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்து, அறுந்த இழையை ஒட்டவேண்டும். அந்த நாற்பது பேரில் விரல் வேகம் அவளுக்குத்தான் அதிகம். கண் அதைவிட. புருஷன் கல்யாணமான நாலாம் வருஷமே போய்விட்டான். மாமியார் இருந்தாள், அவளும் அதே மில்லில் நின்று காது சுத்தமாக அடைத்துப்போனவள். கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் மாமியாரும் மருமகளும் குரலே இல்லாமல் குடித்தனம் நடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு அதுதான் பெரிய குறை. "இவிக என்ன பேசறாங்கன்னு ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே!"

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் மாடியிலிருந்து இறங்கி வந்து, முற்றத்துப் புங்க மரத்தடியில் அவளோடுதான் சாப்பிடுவேன். ஆபீஸ்காரர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. நான் செய்தேன். ஆறு வருஷம். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஓசையே இல்லாத சொல் என்பது, எழுதுகிறவளுக்கு எத்தனை பெரிய விஷயம் என்று யோசித்துப்பாருங்கள். கற்றுக்கொடு அக்கா என்று கேட்டேன். கற்றுக்கொடுத்தாள்.

"அம்மிணி, நீங்க உதட்டைப் பாக்கறீங்க. உதட்டைப் பாக்காதீங்க. முகத்தைப் பாருங்க. உதடு பொறவு தானா வரும்."

எனக்கு முழுதாக வரவில்லை. ஓரளவு வந்தது. நான் வத்சலா, அவள் வாயில் நான் வச்சலா அம்மிணி. அதைத் திருத்தவும் பார்த்தேன். திருந்தவில்லை.

எந்த நிறுத்தம் இது? இன்னும் வரவில்லையா? சரி.

எழுபத்து நாலு, மாசி மாசம். மில்லை மூன்று ஷிப்டும் ஓட்டவேண்டும் என்று முடிவு செய்தார்கள். பெண்களை ராத்திரி ஷிப்டுக்குப் போடக் கூடாது, சட்டம். ஆகவே நூற்புப் பிரிவில் பெண்களே வேண்டாம், எல்லாம் ஆண்களாக இருந்தால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. நாற்பது பேருக்கும் சித்திரையோடு வேலை முடிகிறது. மேனேஜர் கோபாலரத்தினம் என்னிடம்தான் அந்த லிஸ்டை டைப் அடிக்கக் கொடுத்தார். மூன்று பிரதி. கார்பன் பேப்பரைக்கூட அவர் கையாலேயே எரித்தார். "உனக்கு, எனக்கு, முதலாளிக்கு. வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது," என்றார்.

நான் மூச்சு விடவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் புங்க மரத்தடிக்குப் போனேன். மயிலாத்தாள் கொள்ளுப் பருப்பு கொண்டுவந்திருந்தாள், எனக்கும் வைத்தாள். மாமியாருக்குக் கண் வைத்தியம் பார்க்கவேண்டும், வைகாசியில் கோயமுத்தூர் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன் என்றாள். வைகாசி நல்லது அக்கா, சித்திரை வெயில் குறைந்திருக்கும் என்றேன். லிஸ்டில் அவள் பதினேழாவது பெயர். ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அலுவலக ரகசியம் என்றால் அலுவலக ரகசியம். அப்படி ஒரு நாணயம் இந்தக் காலத்தில் யாரிடம் இருக்கிறது, சொல்லுங்கள்.

புதன்கிழமை மத்தியானம் தொழிற்சங்கச் செயலாளர் மாடிக்கு வந்தார். மேனேஜர் அறை முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும், முழுக்கக் கண்ணாடி. பஞ்சு பறக்கும் என்பதால் எப்போதும் சாத்தியே இருக்கும். இரண்டு பேரும் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். அந்த லிஸ்டைப் பற்றித்தான், கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக. பக்கத்து அறையில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

கீழே மயிலாத்தாள் கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறாள்.

மறுநாள் பதினொன்று இருபதுக்கு மிஷின்கள் நின்றன. நான் முதலில் சொன்னேனே, அந்தச் சத்தம். நாற்பது பெண்களும் மிஷினுக்கு மிஷின் நடுவிலே இருக்கிற சந்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் ஒன்றும் போடவில்லை. மேஸ்திரி வந்து கத்தினார். யாரும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் உதடு எல்லாம் அசைந்துகொண்டிருந்தது. அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. "எந்திரிங்கடி! என்னைப் பத்தி என்னடி பேசறீங்க?" என்றாராம். யாரோ ஒருத்தி மட்டும் குரல் கொடுத்தாள்: "உங்களைப் பத்திப் பேச என்னுங்க இருக்குது மேஸ்திரி? வேட்டியில மை கொட்டியிருக்குது, அதைத்தான் சொல்லிக்கிட்டோம்."

மூன்று நாள். நூல் இல்லாமல் மற்றப் பிரிவுகள் எல்லாம் நின்றுபோயின. ஆண்களும் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். செயலாளர் எங்கேயோ வெளியூர் போய்விட்டார். சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி இறங்கி வந்தார். பெண்களை எடுப்பதில்லை என்று எழுதியே கொடுத்தார். அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

நல்ல காரியம்தானே? எனக்கும் சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி பூ வாங்கிக் கொடுத்தாள். அவர்களில் பாதிப்பேர், நான்தான் மயிலாத்தாளிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். அவரும் அதையேதான் நினைத்தார்.

"லிஸ்ட் மூணு பேருக்குத் தெரிஞ்ச விஷயம். செயலாளர் நம்ம ஆளு, வெளியே தெரிஞ்சா அவர் பதவியே போயிடும். முதலாளி சொல்லலை. நான் சொல்லலை."

"நானும் சொல்லவில்லை சார்."

"தினம் அவளோட உட்கார்ந்து சாப்பிடறே."

"சாப்பிடத்தான் சாப்பிடுகிறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா நல்ல பேரோட போகலாம். இல்லைன்னா நான் அனுப்ப வேண்டியிருக்கும். அதுக்கப்புறம் எந்த ஆபீஸ்லயும் உன்னை எடுக்க மாட்டாங்க."

நீங்களே சொல்லுங்கள். செய்யாத தப்பு. வீட்டில் மூன்று பேர். பெரிய தங்கை அந்த வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். நான் என்ன செய்யமுடியும்? உண்மையைச் சொன்னேன். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. சார், அவர்கள் உதட்டைப் படிப்பார்கள் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வருஷமாக அந்த ஊரில் இருக்கிற ஒரு பாஷை, அதை இவர் சிரிக்கிறார். நான் விளக்க ஆரம்பித்தேன். எந்த எழுத்துக்கு உதடு எப்படிக் குவியும், எது உதட்டில் தெரியாமல் தொண்டையிலேயே நின்றுவிடும், அதை முகத்திலிருந்து எப்படி நிரப்பிக்கொள்வார்கள், கழுத்தைப் பிடித்தால் யார், தோளைத் தட்டினால் யார். இருபது நிமிஷம் இருக்கும். கல்லூரியில் பாடம் எடுக்கக் கிடைக்கவில்லை என்று சொன்னேனே, அன்றைக்கு எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அவளைக் கூப்பிட்டுப் பார்த்துருவோம்," என்றார். "வெள்ளிக்கிழமை. நான் இங்கே நின்னு பேசறேன். அவ முற்றத்துல நிக்கட்டும். சொல்லிட்டான்னா நீ சொன்னது நிஜம். சொல்லலைன்னா…"

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அதுகூட எனக்கு அவசியம் இல்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். போய்ச் சொன்னேன், அது என் நல்ல குணம்.

அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாமியார் உள்ளே. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"நம்ம பேச்சைப் போயி அந்தாளுகிட்டச் சொன்னீங்களா?"

"உண்மையைத்தானே சொன்னேன் அக்கா?"

"நெசம்தானுங்க." அடுத்த கொத்தை எடுத்தாள். "நான் படிச்சுச் சொல்லிட்டா, எனக்கு என்னுங்க ஆகும்?"

"அது… எனக்குத் தெரியாது அக்கா. ஆபீஸ்தான் முடிவு பண்ணும்."

"தெரியலைன்னு சொல்லிட்டா?"

"என்னை அனுப்பிவிடுவார்கள்."

"தங்கச்சிக ரெண்டும் படிக்குதல்ல?"

"பெரியவள் காலேஜில். சின்னவள் பத்தாவது."

கீரைக் குச்சியைத் தூக்கி எறிந்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

"அந்த லிஸ்டுல எம் பேரையும் நீங்கதான் அடிச்சீங்களா, அம்மிணி?"

ஆபீஸ் விஷயம் அக்கா என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். என் முகத்தில் என்ன படித்தாளோ. "மூணு நாளு," என்றாள். "கொள்ளு நல்லா இருக்குதுன்னு வாங்கி வாங்கிச் சாப்பிட்டீங்க." அதில் என்ன தப்பு? கொள்ளு நன்றாகத்தான் இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு ஒரு காப்பி கொடுக்கவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால் முற்றம் முழுக்கப் பெண்கள். மேஸ்திரி அவளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். மேலே கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர். அவர் பக்கத்தில் நான். கண்ணாடி சாத்தியிருந்தது.

மேனேஜர் ஏதோ சாதாரணமாகச் சொன்னார். "இன்றைக்கு வெயில் அதிகம், தண்ணீர் குடித்துவிட்டு வா" என்கிற மாதிரி. கீழே மேஸ்திரி கேட்டார். மயிலாத்தாள் தலையை ஆட்டினாள். அவர் மேலே பார்த்துக் கையை விரித்தார். ஆள் அனுப்பினார்கள். வந்தவன் சொன்னான்: "தெரியலைங்கறாங்க சார்."

வெயில் அவள் கண்ணில் அடித்திருக்கும். மாசி வெயில், உச்சி நேரம், மேலே கண்ணாடி. கூசியிருக்கும். வேறொன்றும் இல்லை.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "போதுமா?" என்றார். இன்னொரு தடவை சார், ஒரே ஒரு தடவை என்றேன். "சரி, நீயே ஒரு வாக்கியம் கொடு. யாரும் ஊகிக்க முடியாததா இருக்கணும். அவ குத்துமதிப்பா சொல்லிட்டான்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது." ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். என் நோட்டிலிருந்த ஒரு வரி. யாருக்கும் காட்டினதில்லை. 'பஞ்சாவதற்கு முன் இது மஞ்சள் பூ.' பருத்திப் பூ மஞ்சள் அல்லவா.

அவர் அதை வாசிக்கும்முன் நான் கீழே பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவரை இல்லை. நான் ஒன்றும் கெஞ்சவில்லை. உதட்டை ஒரு தடவை அசைத்தேன், அவ்வளவுதான். அக்கா என்று மட்டும். அதற்கு மேல் ஏதாவது சொன்னேனா என்றால், இல்லை. தங்கைகள் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஞாபகம் இல்லை. ஐம்பது வருஷம் ஆகிறது.

மேனேஜர் சந்தைக்குச் சாமான் எழுதின சீட்டை வாசிப்பதுபோல வாசித்தார். கீழே அவள் பார்வையை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, அந்த ஊர்க் குரலில், அண்ணாந்து சொன்னாள்:

"பஞ்சாவறதுக்கு மிந்தி இது மஞ்சப் பூவா இருந்துச்சாமுங்க!"

கண்ணாடி சாத்தியிருந்தும் எனக்குக் கேட்டது. அதோடு விட்டாளா?

"சொன்னது மேனேஜர் அய்யாதானுங்க. ஆனா பேச்சு அவருது இல்லீங்க. அந்த அம்மிணி எழுதிக் குடுத்ததுங்க. அவருக்குப் பூவு ஏதுங்க?"

முற்றம் முழுக்கச் சிரித்தது. மேனேஜர்கூட ஒரு நொடி சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. என் வரியை ஒருவர் உரக்கச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. 'இருந்துச்சாம்' என்று கூட்டிச் சொல்லி ஓசையைக் கெடுத்துவிட்டாள் என்பது வேறு விஷயம். ஆனால் எத்தனை தெளிவு! ஒரு சொல் தவறவில்லை. அவளுக்கும் ஒரு பெருமை இருந்திருக்கவேண்டும், இத்தனை பேர் முன்னால் தன் திறமையைக் காட்டியதில். அதனால்தான் சொன்னாள். இல்லாவிட்டால் முதல் தடவை மாதிரி தெரியாது என்றே சொல்லியிருக்கலாமே? யார் அவளைக் கட்டாயப்படுத்தினார்கள்?

மேலதிகாரிகளின் பேச்சை வேவு பார்த்ததற்காக வேலை நீக்கம். அன்று சாயங்காலமே டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லாமல். மற்றப் பெண்கள் எல்லோரும் மறுபடியும் மிஷினை நிறுத்தப் பார்த்தார்கள். அவள்தான் தடுத்தாளாம். "ஒருத்திக்காக நாப்பது பேரு சோத்துல மண்ணைப் போட்டுக்காதீங்கடி. போயி இழையை ஒட்டுங்க" என்று மில் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு சத்தமில்லாமல் சொல்லியிருக்கிறாள். காவல்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை.

எந்த இடம் இப்போது? வலது பக்கம் நீளமாகச் சுவர் வருகிறதா? வருகிறதா? நான் பார்க்கவில்லை, நீங்கள் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது? கூரியர் கம்பெனி கோடவுனா? மாடி இருக்கிறதா? மாடியில் கண்ணாடி? தகரம் அடித்துவிட்டார்களா. சரி. இல்லை, கண்டக்டர், நான் இறங்கவில்லை. சும்மாதான் எழுந்தேன்.

அந்தக் கண்ணாடிக்கு அடுத்த வாரமே பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். முழுக்க. நான் உட்கார்ந்திருந்த அறைக்கும் சேர்த்து. பகலிலேயே பல்பைப் போட்டுக்கொண்டு டைப் அடிக்க வேண்டியதாயிற்று. பதினெட்டு வருஷம், மில்லை மூடும்வரை. என் கண் கெட்டது அதனால்தான் என்று டாக்டரே சொன்னார். இதில் நஷ்டம் யாருக்கு என்று கேட்டால் எனக்கும்தான். அதை யாரும் சொல்வதில்லை. லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு அவளும் மாமியாரும் மாட்டுவண்டியில் போனபோது பார்க்கலாம் என்று ஜன்னலுக்குப் போனேன். பச்சைதான் தெரிந்தது.

மற்றப் பெண்கள் எல்லோரும் கடைசிவரை வேலையில் இருந்தார்கள். புங்க மரத்தடியில் என்னோடு யாரும் உட்காரவில்லை. நான் போனால் உதடுகள் நின்றுவிடும். நான்கூட ஓரளவு படிப்பேன் என்று அவர்களுக்குத் தெரியுமே. பிறகு நான் மாடியிலேயே சாப்பிடப் பழகிக்கொண்டேன். மேனேஜர் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். பெரிய தங்கை பாங்கில் சேர்ந்தாள். சின்னவள் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள். அவள் வீட்டுக்குத்தான் இப்போது போகிறேன். இந்தக் கதையை அவர்களிடம் சொன்னதில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

எண்பத்தொன்றில் ஒரு தடவை பார்த்தேன். பல்லடம் பஸ் ஸ்டாண்ட். நான் பஸ்ஸுக்குள், மழை என்று ஜன்னல் கண்ணாடி இறக்கி மூடியிருந்தது. அவள் வெளியே கூரைக்கடியில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அவள் கற்றுக்கொடுத்த மாதிரியே, அழுத்தம் திருத்தமாகப் பேசினேன். அக்கா, நான் சொல்லவில்லை அக்கா, அந்த லிஸ்டைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். அந்த ஊரிலேயே அவளைவிட நன்றாகப் படிக்கிறவள் கிடையாது. படித்திருப்பாள். முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். பஸ் புறப்படுகிறவரை திரும்பவில்லை. ஆறு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். கோபப்படுவதானால் நானல்லவா படவேண்டும்?

எந்த மில்லிலும் அவளை எடுக்கவில்லை. வேலை நீக்கக் காகிதத்தில் காரணம் எழுதியிருக்கிறதே. அண்ணன் வீட்டுக்குப் போனார்கள், காமநாயக்கன்பாளையம் பக்கம். மாமியாருக்குக் கண் வைத்தியம் பார்க்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் பார்வையும் போய்விட்டது. கண் தெரியாதவளிடம் உதட்டால் எப்படிப் பேசுவது? உள்ளங்கையில் விரலால் தட்டித் தட்டிப் பேசினாள் என்று கேள்விப்பட்டேன்.

மயிலாத்தாள் கொஞ்ச காலம் காட்டு வேலைக்குப் போனாள். பிறகு ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை, பதிமூன்று வருஷம். தொண்ணூறாம் வருஷம் ஐப்பசியில், அந்தப் பண்ணையிலேயே, தீவன மூட்டை அடுக்கியிருந்த அறையில் இறந்துபோனாள். ஐம்பது வயது.